வயற்காணியை விற்கிற குடும்பத்துக்கு: முதல் பேச்சிலிருந்து பெயர் மாற்றம் வரை

தரகர் வந்து ஒரு விலையைச் சொன்ன பிறகுதான் மட்டக்களப்பில் எங்கள் பக்கத்துப் பெரும்பாலான குடும்பங்கள் காணியைப் பற்றிப் பேசவே தொடங்குகின்றன. அதற்குள் யாரோ ஒருவர் முற்பணம் வாங்கியிருப்பார். இன்னொருவர் கனடாவிலிருந்து கோபமாக அழைப்பெடுப்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பார். மறுகா உறுதியை (காணிப் பத்திரத்தை)த் தேடினால் அது அலுமாரியில் இராது. காணி விற்றுச் சகோதரங்கள் முகம் முறித்துக்கொண்டதாக நான் அறிந்த கதைகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படி அவசரத்தில் தொடங்கியவை.

அதனால் இங்கே வரிசை முக்கியம். முதலில் குடும்பம், பிறகு பத்திரம், பிறகு அந்த மண்ணில் வேலை செய்கிறவர், பிறகு அங்கே இருக்கிற தெய்வம். வாங்குபவர் கடைசியில் வரட்டும். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம் வயலை வைத்துக்கொண்டு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நாவிதன்வெளி, சம்மாந்துறை, திருக்கோவில் பக்கத்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 1961 வரை எல்லாம் ஒரே மட்டக்களப்பு மாவட்டம்தானே.

1. யாருக்கு எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள்

அப்பாவின் பெயரில் இருந்த உறுதிக்காணி, அவர் மரணசாசனம் எழுதாமல் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். நான்கு பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கு இரண்டில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. ஒரு பிள்ளை முன்னமே காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். யுத்தத்தில் தம்பியை இழந்த வீடுகளில் இதை மறந்தே போகிறார்கள். அவரின் மனைவியும் பிள்ளைகளும் வேறு ஊரில் இருப்பதால் அவர்களுக்கு உரித்து இல்லை என்று ஆகாது.

தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கானது, மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது. நம் பக்கத்துப் பழைய முக்குவர் வழமையும் 1876இன் திருமண உரிமைகள், வாரிசுரிமைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்கு வேறு மாதிரி வரும்.

சட்டம் ஒரு பக்கம், ஊர்வழக்கம் ஒரு பக்கம். அக்காவுக்கு வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று, வயல் தம்பிமாருக்குத்தான் என்று எங்கேயோ ஒருமுறை பேசியிருப்பார்கள். அது எழுத்தில் இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே வெளியே எடுத்துப் பேசிவிடுங்கள். கொடுத்த சீதனத்தைப் பங்கில் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சட்டத்திலும் இடம் உண்டு. சேர்ப்பதா விடுவதா என்பதை விலை தெரியுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். விலை தெரிந்த பிறகு நியாயம் பேசுவது யாருக்கும் கஷ்டம்.

அம்மா உயிரோடு இருந்தால் பாதி அவருடையது. ‘அவவுக்கு என்னத்துக்குக் காசு, நாங்கள் பார்க்கிறம்தானே’ என்று சொல்லி முழுவதையும் பிள்ளைகள் பிரித்துக்கொள்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. எனக்கு அது பிடிக்காத காரியம். அவருடைய பாதி அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பிறகு அவர் யாருக்குக் கொடுத்தாலும் அது அவர் விருப்பம்.

முழுவதையும் விற்கத்தான் வேண்டுமா என்றும் இந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கலாம். மேட்டுத் துண்டை வைத்துக்கொண்டு வயலை மட்டும் கொடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த சகோதரம் ‘நான் வாங்கிறன்’ என்று முன்வந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடை இல்லை. அவருக்குப் பரம்பரையாக வந்த பங்குக்கும் அதை விற்பதற்கும் பிரச்சினை இல்லை.

2. உறுதிக்காணியா, பெர்மிட் காணியா?

இதைத் தெரியாமல் ஒரு அடியும் எடுத்துவைக்க வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் வந்த ஊர்களிலும் ஏராளமான வயல் அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் கையில் இருக்கும். அதை விற்க முடியாது. ஊரில் ‘கைக்கடிதம்’ எழுதி வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை, விற்றவரின் பிள்ளைகள் நாளைக்குத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது.

ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் கிடைத்த அளிப்புப் பத்திரமாக இருந்தால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியோடு கைமாற்ற வழி உண்டு. அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. இந்த வகைக் காணிகளுக்கு முழு உரித்துக் கொடுக்கும் ‘உறுமய’ வேலைத்திட்டம் 2024இல் தொடங்கியது. உங்கள் காணி அதில் வந்ததா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

பெர்மிட் காணிக்கு மேலே சொன்ன பாதி, எட்டில் ஒன்று என்ற கணக்குப் பொருந்தாது. பின்னுரித்தாளர் என்று யார் பெயரைப் பதிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பெயர் பதியாமல் காலமானால் சட்டத்தின் அட்டவணை வரிசைப்படி போகும். அந்த வரிசையில் முன்பு மகன்மாருக்கு முன்னிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண் பெண் பேதத்தை எடுத்துவிட்டது.

காட்டோரக் காணி என்றால் இன்னுமொரு வேலை. வனத் திணைக்களமோ வனஜீவராசிகள் திணைக்களமோ எல்லைக்கல் நட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மகாவலி வலயத்துக்குள் வந்தால் பேச வேண்டிய அலுவலகமே வேறு.

3. பத்திரங்களைத் தேடி எடுத்தல்

1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன வீடுகள், 1990இல் விட்டுவிட்டு ஓடிய வீடுகள், 2004 சுனாமி, அதற்குப் பிறகு 2006, 2007 இடப்பெயர்வு. இத்தனையும் தாண்டி உறுதி ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தால் அதைக் காத்து வைத்த பெண்பிள்ளையைக் கும்பிட வேண்டும். இல்லாவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். மட்டக்களப்பு, கல்முனைப் பதிவகங்களில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். அவருடைய எல்லை விவரத்தில் உங்கள் அப்பப்பாவின் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.

பழைய உறுதிகளில் பரப்பை ஏக்கரில் தேட வேண்டாம். இத்தனை அவண விதைப்புத் தரை என்றிருக்கும், அதாவது அவணக் கணக்கில் எவ்வளவு விதைநெல் விதைக்கலாம் என்று. எல்லைகள் ‘வடக்கு வாய்க்கால், கிழக்கு இன்னார் காணி, தெற்கு மருதமரம்’ என்று போகும். மருதமரம் எப்போதோ போயிருக்கும்.

பதிவேட்டில் ஈடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிக் கடனை அப்பா கட்டி முடித்திருப்பார், ஈடு மீட்ட பத்திரத்தைப் பதிய மறந்திருப்பார். அப்படியே விட்டால் கடைசி நேரத்தில் வியாபாரம் நின்றுவிடும். சொத்தின் பெறுமதி அதிகம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடத்த வேண்டிவரும். அது மாதக்கணக்கில் போகிற வேலை, இப்போதே சட்டத்தரணியிடம் கேட்டுவையுங்கள்.

காணியில் வேறு யாராவது இருக்கிறார்களா? 10 வருடம் தடையில்லாமல் எதிர் உரிமையோடு இருந்தவர் ஆட்சியுரித்துக் கோரலாம். இடம்பெயர்ந்த காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் அதன் கீழ் வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் 2 வருடம்தான். ஆள் குடியிருக்கிற காணியை ‘வாங்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று தள்ளிவிடாதீர்கள். பேசித் தீர்ப்பது அநேகமாக உங்களால்தான் முடியும், அவர் உங்களைத்தான் அறிவார்.

4. வெளிநாட்டில் இருப்பவர்கள்

அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அங்குள்ள இலங்கைத் தூதரகம் அல்லது கொன்சியுலர் அலுவலகம் மூலம் அத்தாட்சி பெற்று, இங்கே பதிய வேண்டும். பொதுவாக எல்லாவற்றுக்கும் என்று எழுதாமல் இந்தக் காணி, இந்தக் காரியம் என்று குறிப்பிட்டு எழுதுவது இரு பக்கத்துக்கும் நல்லது. எழுதிக் கொடுத்தவர் காலமானால் அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும்.

ஒரு பங்காளர் மற்றவர்களைக் கேட்காமலே தன் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்கச் சட்டத்தில் தடையில்லை என்பதையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். முரண்பட்டு நிற்கிறவரை ஒதுக்கிவைத்தால் அவர் அதைத்தான் செய்வார். அப்புறம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பங்குபிரிப்பு வழக்கு. அது முடிகிறபோது வழக்குப் போட்டவர் இருப்பாரோ தெரியாது.

5. சேவயரைக் கூப்பிடுங்கள்

சிறுபோக வெட்டு முடிந்து மாரி பிடிக்குமுன் அளப்பதே வசதி. வரம்பு தெரியும், வாய்க்கால் தெரியும், கால் புதையாது. அயற்காணிக்காரர் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி அந்த நேரத்தில் நிற்கச் சொல்லுங்கள். எல்லைக்கல் வைக்கும்போது பேசாமல் நின்றவர் பிறகு சண்டைக்கு வருவது குறைவு. 1 ஏக்கர் என்றால் 4 றூட், 160 பேர்ச். உறுதியில் உள்ள அளவும் வரைபடத்தில் வரும் அளவும் கொஞ்சம் விலகினால் பதற வேண்டாம், பழைய காணிகளில் அது வழமை. நிறைய விலகினால் வரம்பு நகர்ந்திருக்கிறது.

6. வயலைச் செய்கிறவர்

குத்தகைக்குச் செய்கிறவர் கமநல சேவை நிலையப் பதிவேட்டில் பதிந்த குத்தகைக்காரரா, அல்லது போகத்துக்குப் போகம் பேசிக்கொண்டு செய்பவரா என்று பாருங்கள். பதிந்தவர் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. காணியை விற்பதானால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

பதியாதவர் என்றாலும் அவரிடம் முதலில் சொல்லுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். முல்லைக்காரராக (வயலில் வேலை செய்பவராக) உங்கள் அப்பாவோடு வாடியில் (வயற்குடிசையில்) படுத்து யானைக்குக் காவல் இருந்த மனிதர், தேநீர்க் கடையில் தரகர் வாயால் செய்தியைக் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போய், இருந்து, சொல்லுங்கள். அவரால் வாங்க முடியுமா என்று உண்மையாகவே கேளுங்கள். தவணையில் தருகிறேன் என்பார். அதை ஏற்பதா என்பது உங்கள் குடும்பத்தின் கையில். முடியாது என்றால், கடைசிப் போகத்தின் கணக்கை அவர் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே முடியுங்கள். புதிதாக வாங்குபவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்துவதும் உங்கள் வேலைதான்.

நிற்கிற பயிரோடு விற்க வேண்டி வந்தால், வெட்டு யாருடையது என்பதை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.

7. காணியைச் சுற்றி நடத்தல்

சட்டத்தரணி யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார். ஆனால் பிறகு செய்ய முடியாத ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். கையெழுத்து வைத்த பிறகு போனால் அது இன்னொருவரின் காணி.

வீட்டில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளாப்பில், வெயில் ஏறுமுன். பிள்ளைகளும் வரட்டும். கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் பெரியவர்கள் மேடைப் பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி கேட்பதைவிட நடக்கவிடுவது நல்லது. வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடும் வாயை)க் கண்டால் தண்ணீர்ச் சண்டை ஞாபகம் வரும். களம் இருந்த மேட்டைக் கண்டால் சூடு (வெட்டிய கதிர்க் குவியல்) வைத்ததும், இரவில் மாடு விட்டு மிதித்ததும், களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று மட்டும் சொன்னதும் வரும்.

ஒவ்வொரு வரவைக்கும் (வயல் துண்டுக்கும்) வீட்டில் ஒரு பெயர் இருக்கும். புளியடி வரவை, பள்ள வரவை, கிணற்றடி வரவை. இந்தப் பெயர்கள் எந்த உறுதியிலும் கிடையாது. சேவயரின் வரைபடத்தைப் பெரிதாக ஒரு பிரதி எடுத்து, அதன் மேல் பேனையால் இந்தப் பெயர்களை எழுதுங்கள். வாடி இருந்த இடம், பரண் இருந்த மரம், தண்ணீர் வந்து இறங்குகிற வழி, எந்தக் குளத்துத் தண்ணீர் என்பது வரை. உன்னிச்சையா, உறுகாமமா, நவகிரியா? அந்தக் காலத்து வட்டவிதானை (தண்ணீர் முறையைப் பார்ப்பவர்) யார்? அந்த ஒரு தாள் போதும், பேரப்பிள்ளைக்குக் காணி எப்படி இருந்தது என்று விளங்க.

கூடப்பிறந்த யாரையாவது யுத்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் காணிக்குள்ளேயே அடக்கம் செய்த குடும்பங்களும் இருக்கின்றன. அந்த இடத்தை என்ன செய்வது என்பதை வாங்குபவர் வருமுன் குடும்பமாக முடிவெடுங்கள். அந்தத் துண்டை மட்டும் வரைபடத்தில் பிரித்து வைத்துக்கொள்வதே நல்லதென்று நினைக்கிறேன்.

எடுத்து வருவதற்கு என்ன இருக்கிறது? மரைக்கால், சுளகு, பழைய மண்வெட்டி. நன்றாக முற்றிய தேங்காய் சிலவற்றை நிழலில் ஈர மண்ணில் படுக்க வைத்தால் சில மாதத்தில் முளை வரும், நகரத்து வளவில் வைக்கலாம். அம்மா ஆசைப்படுகிற மாமரத்தில் ஒட்டுக் கட்டித்தர விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் ஆள் காட்டுவார். பிடி மண் கொண்டுபோக வேண்டும் என்று வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் ஆசைப்படுவார்கள். கனடாவும் அவுஸ்திரேலியாவும் அதை உள்ளே விடாது, விமான நிலையத்தில் எடுத்து எறிவார்கள். விதை நெல்லுக்கும் அதே கதைதான். மண்ணை இங்கே ஒரு சகோதரத்தின் வீட்டு முற்றத்தில் போட்டு ஒரு செடியை வையுங்கள், அவர்கள் வரும்போது பார்க்கட்டும்.

மரங்களை விற்பதற்கு முன் வெட்டிக் காசாக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

8. வைரவர், வதனமார்

மரத்தடியில் ஒரு சூலமோ கல்லோ இருக்கிற காணிகள்தான் அதிகம். வருடத்தில் ஒருநாள் பொங்கிப் படைத்திருப்பீர்கள், மாட்டுப்பட்டி இருந்த காலத்தில் வதனமாருக்கும் செய்திருப்பீர்கள். இதற்கு மூன்று வழியைப் பார்த்திருக்கிறேன். ஊர்க் கோயில் பூசாரியைக் கொண்டு பூசை செய்து சூலத்தை எடுத்துக் கோயில் வளவில் வைப்பது ஒன்று. வாங்குபவர் மனம் ஒப்பினால் அங்கேயே விட்டு, வருடத்துக்கு ஒருநாள் வந்து பொங்க அனுமதி கேட்பது இன்னொன்று. பாதையோடு சேர்த்து ஒரு சிறு துண்டைப் பிரித்துப் பொதுவில் எழுதிவைப்பது மூன்றாவது. வாய்ப்பேச்சில் அனுமதி வாங்கினால் அந்த ஆள் இருக்கும்வரைதான். அவர் வேறொருவருக்கு விற்றால் நிலைக்காது, அதனால் இரண்டாவது வழியை எடுப்பவர்கள் அதை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசி அறுவடை உங்களுடையதாக இருந்தால் புதிரை (புது நெல்லின் முதற் சோற்றை) அந்த நெல்லில் எடுங்கள். எல்லாரும் ஒரே இலையில் இருந்து சாப்பிடச் சந்தர்ப்பம் கிடைப்பது அபூர்வம்.

9. இப்போது வாங்குபவர்

நிலத்தின் விற்பனைக்கு மட்டுமில்லை, விற்பதாகச் செய்கிற உடன்படிக்கைக்கும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் பலம். 1840இல் வந்த சட்டம், இன்னும் அதுதான். துண்டுக் கடிதத்தில் முற்பணம் வாங்காதீர்கள்.

வயலை நிரப்பி வீடு கட்ட வாங்குகிறேன் என்பவருக்கு, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்து விற்றால் பழி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். வழமையாக வாங்குபவர் கட்டுவார். விற்பவர் பக்கம் மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் இருந்து மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. பரம்பரைக் காணிக்கு அடக்க விலை எது என்று குழம்ப வேண்டாம். 2017 செப்டம்பர் 30இல் உங்கள் கையில் இருந்த காணி என்றால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் கணக்கு, அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை எடுத்து வையுங்கள். விற்று ஒரு மாதத்துக்குள் விவரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். வீதம் மாறுவதால் அந்த நேரத்தில் இறைவரித் திணைக்களத்தில் கேட்பது நல்லது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். நாளைக்குப் பிணக்கு வந்தால் எழுதிய தொகைதான் பேசும்.

10. கையெழுத்து, காசு

பணம் வங்கி மூலமாக வரட்டும், முடிந்தால் ஒவ்வொரு பங்காளர் கணக்குக்கும் நேரடியாக. ஒருவர் கையில் முழுத்தொகையும் போய்ப் பிரிப்பது எவ்வளவு நல்ல அண்ணனாக இருந்தாலும் பேச்சுக்கு இடம் கொடுக்கும். சேவயர், பதிவகம், பயணம் என்று ஆன செலவை ஒரு கொப்பியில் எழுதி, பிரிப்பதற்கு முன் கழியுங்கள். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டும்போது அம்மாவுக்குக் கேட்கிற சத்தத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

11. பதிவுக்குப் பிறகு

உறுதி பதிவகத்தில் பதிந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பிரதியை எல்லாச் சகோதரங்களுக்கும் அனுப்புங்கள். வாடிக்கோ கிணற்று மோட்டருக்கோ மின்சாரம் எடுத்திருந்தால் அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். பிரதேச சபை வரி நிலுவை இருந்தால் கட்டி முடியுங்கள். கமநல சேவை நிலையத்தில் பெயர் மாற்றத்தை வாங்கியவரோடு சேர்ந்து போய்ச் செய்யுங்கள். உர மானியம் அந்தப் பதிவேட்டுப் பெயருக்குத்தான் வரும். அது மாறாவிட்டால் பணம் உங்கள் அப்பாவின் பெயரில் தேங்கி நிற்க, வயல் செய்கிறவர் உங்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்பார். பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் வைக்குமுன் இதை முடித்துவிட்டால், வட்டவிதானை தண்ணீர் முறையைப் புதியவரின் பெயரில் போட்டுக்கொள்வார்.